கம்போஸ்டில் ஒரு மனை

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். உட்கார்ந்து யோசித்தால் கம்போஸ்டு ஏலம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நல்ல வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். பேட்டையிலிருந்து மேற்கே, விக்கிரமசிங்கபுரம் போகிற வழியில், தாமிரபரணியை ஒட்டிய ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் கீழ்க்கடைசியில் நகராட்சிக்குச் சொந்தமான பெரிய காலி இடம் ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் ஊர்க் குப்பையையெல்லாம் அங்கே கொட்டி, மட்கவைத்து, உரமாக விற்றார்களாம். அதனால் கம்போஸ்டு என்று பெயர். உரம் விற்பது நின்றுபோய், குப்பை கொட்டுவதும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான். எங்கள் தெருக்காரர்கள் வெளியூரில் யாராவது விலாசம் கேட்டால் கம்போஸ்டு என்று வாய்திறக்க மாட்டார்கள். சிவன் கோயிலுக்குக் கிழக்கே என்பார்கள். கோயில் அங்கிருந்து ஒரு மைல் இருக்கும்.

அந்த மண்ணில் பூசணியும் தக்காளியும் தானாக முளைத்துக் காய்க்கும். குப்பையில் விளைந்ததை யார் தின்பது என்று எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் ஒரு காயும் அங்கே பழுத்து அழுகி நான் பார்த்ததில்லை. எல்லாம் யாருடைய குழம்பிலோ போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவில். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரி தெருவைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு எங்களை ஆண்டாள். விருந்தாளி வந்து இரண்டு ராத்திரி தங்கினால் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறார்கள் என்று கிணற்றடியில் வந்து நிற்பாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவளுடைய முதல் சட்டம். எங்கள் வீட்டுக் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். காற்றடித்தால் நாள் கிழமை தெரியாது. அம்மா அதைத் திருப்பித் திருப்பி வைத்து அலுத்துப்போய், "சொந்தமா ஒரு சொவரு இருந்தா, மொத நாளே ஒரு கை நெறய ஆணி அடிப்பேன்" என்பாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவள் சிரிக்காமல்தான் சொல்வாள்.

அப்பா பேட்டையில் தொழிற்பேட்டைக்குள் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஆணி, ஒரு திருகு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இல்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். நாலு பேர் நடுவில் நம் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பார். அந்த நாலு பேரில் அம்மா ஒருநாளும் சேர்த்தி இல்லை. மகளாகப் பிறந்த நானும் இல்லை. அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப வருஷம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஊருக்குப் புதிதாகக் கவுன்சிலர்கள் வந்திருந்த நேரம். வந்த வேகத்தில் எதையாவது செய்து காட்ட வேண்டுமே. கம்போஸ்டு கண்ணில் பட்டது. காலி இடத்தை மனை போட்டு ஏலத்தில் விற்பது, வாங்குகிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் வீடோ கடையோ கட்டியாக வேண்டும், அதன் மூலம் இந்தப் பகுதி வளர்ச்சி அடையும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் வார்டுக் கவுன்சிலர் பஸ் நிறுத்தத்தில் மைக் கட்டிப் பேசினார். வளர்ச்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. இந்தப் பகுதிக்கு வளர்ச்சி வருகிறது, வளர்ச்சிக்கு இந்தப் பகுதி ஒத்துழைக்க வேண்டும், ஒத்துழைத்தால் மேலும் வளர்ச்சி வரும் என்று ஒரே வட்டத்தில் சுற்றினார். கூட்டம் கைதட்டியது. கம்போஸ்டு வாடையில் இத்தனை காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த அதே கைகள்தான்.

மனைகளின் வரைபடத்தை நகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி, பூங்கா என்று எழுதியிருந்தது. அந்த மூலையில்தான் நாலு தெருச் சாக்கடையும் வந்து தேங்கும். ஊரில் படித்த பெரிய மனிதர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "பார்க்கு ஒண்ணு வருது பாத்தீரா" என்று மகிழ்ந்துபோனார்கள். சாக்கடை இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாதா? தினமும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறவர்கள்தானே.

அம்மா வரைபடத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கம்போஸ்டுக்குள்ளேயே நடந்துபோனாள். நானும் கூடப் போனேன். வடகோடியில், ஒரு மஞ்சணத்தி மரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு மூலை மனை. குறுகலானது, கடை கட்ட லாயக்கில்லாதது, பெரிய கைகள் எதுவும் ஆசைப்படாது என்று கணக்குப் போட்டிருந்தாள். மரத்தடியில் நின்று, "இங்கன அடுப்பு. அங்கன வாசல். கெழக்க பாத்த வாசல்" என்று காலால் கோடு கிழித்தாள்.

"நாத்தம் அடிக்கே எம்மா" என்றேன்.

"வாடகை குடுத்து மோந்துக்கிட்டுதான இருக்கோம். சொந்தமா மோந்தா என்ன?"

பணம் அவளிடம் இருந்தது. அவள் பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில். தாய்வழியில் வந்த ஒரு துண்டு வயலில் தன் பங்கை விற்று, அதைத் தொடாமல் தபாலாபீசில் போட்டு வைத்திருந்தாள். ஏலத்தில் கலந்துகொள்ள முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கன் வைத்திருப்பவர்தான் விலை கேட்கலாம். அம்மா பெயரிலேயே கட்டிவிடலாம் என்று நான் சொன்னேன்.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பொம்பள பேர்ல கட்டுனா, நான் என்னத்துக்கு இருக்கேன்னு நாலு பேரு கேக்க மாட்டானா?" என்றார்.

அம்மா தபாலாபீசிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பணம் அவளுடையது, டோக்கன் அவருடைய சட்டைப் பையில்.

ஏலத்துக்கு முந்தின நாள் மரக்கடை அண்ணாச்சி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. மரக்கடை அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெரிய மர டிப்போ அவருடையதுதான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, யாரைப் பார்த்தாலும் இவரே பெற்று வளர்த்தது போல ஒரு பரிவு. அவருடைய பேரனுக்கு அதற்கு முந்தின வருஷமே காது குத்தியாகிவிட்டது என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பிள்ளை பழைய கடுக்கனோடு பந்தியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. டோக்கன் வாங்கிய அத்தனை பேருக்கும் அழைப்பு இருந்தது. அத்தனை பேரும் வந்து, இது காதுகுத்துதான் என்று ஒருவருக்கொருவர் முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"அவன் வீட்டுச் சோறு எனக்கு எறங்காது" என்று அம்மா வரவில்லை. நான் அப்பாவோடு போயிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தார். "நம்ம எடத்த நாமளே ஏத்திக் கேட்டா லாபம் ஆருக்கு? நகராட்சிக்கு. நமக்கு என்ன வே கெடைக்கப் போவுது? நாளைக்கு என் மருமவன் கேப்பான். நீங்கல்லாம் சும்மா உக்காந்திருந்தாப் போதும். முடிஞ்ச பொறவு பின் வரிசையில ஆளுக்கு ஒரு மனை அசல் விலைக்கு நானே எழுதித் தாரேன். ஒத்துமையா இருப்போம்" என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தன் கையால் வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் இப்படி வெற்றிலை வாங்குவது விளையாட்டுக் காரியமில்லை. பெண் கொடுத்தாலும் நிலம் விற்றாலும் முதலில் கை மாறுவது வெற்றிலைதான். பத்திரமெல்லாம் அதற்கப்புறம். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் புரட்டிப் பேசுகிறவனை வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். வெற்றிலை வாங்கிவிட்டு மாறினவனுக்கு வாசல்படி கிடையாது. இத்தனை பெரிய தர்மத்தை எங்கள் ஆட்கள் எதற்கு வைத்திருந்தார்கள் என்றால், புளியமர ஏலத்திலும் குளத்து மீன் ஏலத்திலும் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதற்கு. கம்போஸ்டுக்கும் அதையே கொண்டுவந்தார்கள்.

அப்பாவின் முறை வந்தது. "ஸ்டோர்காரரே, வாரும். உம்ம மாதிரி நாணயமானவரு கூட இருந்தா எனக்கு ஒரு பலம் வே" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டாத குறையாக, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் மறக்கவே மாட்டேன். நாலு பேர் நடுவில் மதிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"வெத்தல வாங்குனீங்களா?"

"பந்தியில குடுத்தாக, வாங்குனேன். வேண்டாம்னு தட்டிவிடச் சொல்லுதியா?"

"அந்தாளு பின் வரிசையில தருவான்னு நம்புதீங்களா? கட்டி முடிக்காம விக்கக் கூடாதுன்னு நோட்டீசுலயே போட்டிருக்காம்லா."

"அதெல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு."

"எனக்கு அந்த மூல மனை வேணும். நாளைக்கு நீங்க கேக்கணும்."

"கேப்போம், கேப்போம். நீ பைய பேசு, வளவுக்கே கேக்குது."

கேட்போம் என்று சொன்னதை அம்மா நம்பினாள்.

மறுநாள் கம்போஸ்டிலேயே பந்தல் போட்டு ஏலம் நடந்தது. மேடையில் நகராட்சி அதிகாரி ஒருவர், பக்கத்தில் கவுன்சிலர், மேஜையில் கலர் சோடா. டோக்கன்காரர்களுக்கு முன்னால் நாற்காலி. பெண்களுக்குப் பின்னால் பெஞ்சு. பெண்கள் என்றால் அம்மாவும் நானும்தான். முதல் மனையிலிருந்து அண்ணாச்சியின் மருமகன் மட்டும் கேட்டுக்கொண்டே போனான். குறைந்தபட்ச விலைக்கு மேல் பிச்சை போடுகிற மாதிரி கொஞ்சம் கூட்டுவான். அதிகாரி மற்றவர்களைப் பார்ப்பார். ஓய்வுபெற்ற வாத்தியார் வானத்தைப் பார்ப்பார். வக்கீல் குமாஸ்தா செருப்பைப் பார்ப்பார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அந்த அதிகாரி வெளியூர்க்காரர். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது. சட்டப்படி அவர் செய்ய ஒன்றும் இல்லை. "வேற யாருமே கேக்கலியா? ஏன்யா இவ்வளவு பேர் முன்பணம் கட்டினீங்க?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டார். வாத்தியார் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

மூலை மனை வந்தது. மருமகன் விலை சொன்னான். ஒரு தரம் என்றார் அதிகாரி. அம்மா அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. ரெண்டு தரம்.

அம்மா எழுந்து நின்றாள். மருமகன் சொன்னதற்கு மேலே கூட்டி, கணீரென்று ஒரு விலை சொன்னாள். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "டோக்கன் இருக்காம்மா?"

"அவுக கிட்ட இருக்கு. முன்னால உக்காந்திருக்காகள்லா, எங்க வீட்டுக்காரவுக."

"சார், உங்க டோக்கன்தானே? ஒண்ணும் பேச வேண்டாம். கையை மட்டும் தூக்குங்க. அம்மா சொன்ன விலையை உங்க பேர்ல எழுதிக்கிறேன்."

அப்பாவின் கை சட்டைப் பை வரைக்கும் போனது. அது நிச்சயம். நான் பார்த்தேன். அப்போது அண்ணாச்சி, கோபமெல்லாம் படவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"ஸ்டோர்காரரே, நேத்து சாப்பாடு நல்லா இருந்துச்சா வே?"

அப்பாவின் கை மடியில் இறங்கிவிட்டது. தலை குனிந்துவிட்டது. அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். "சாரி மா" என்றார் அதிகாரி. மூணு தரம்.

யாரோ முன் வரிசையில் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்கூடக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்தக் குனிந்த தலை மேல்தான். ஊரான் ஒருவன் கொடுத்த வெற்றிலைக்குக் காட்டிய விசுவாசத்தில் கால்பங்கு கூட, இருபத்தைந்து வருஷமாகச் சோறு பொங்கிப் போட்டவளுக்கு இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின் வரிசை மனை கேட்டு அப்பா சில மாதம் மர டிப்போவுக்கு நடந்தார். "சட்டம் எடங்குடுக்கலியே வே, கட்டாம எழுத முடியாதாம். நான் என்ன செய்ய?" என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கூட்டுச் சேர்ந்த வாத்தியாருக்கும் குமாஸ்தாவுக்கும் அதே காப்பிதான். ஒருவராவது சண்டை போட்டார்களா என்றால் இல்லை. சண்டை போட்டால் தாங்களும் கூட்டுக் களவாணி என்று வெளியே தெரிந்துவிடுமே.

பகுதி வளர்ச்சி அடைந்தது. முன் வரிசையில் அண்ணாச்சியின் மரம் அறுக்கிற மில் வந்தது. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் ரம்பச் சத்தம். அம்மாவின் மூலை மனையில் மஞ்சணத்தியை வெட்டிவிட்டு, மரத்தூள் கொட்ட ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சட்டப்படி அதுவும் கட்டடம்தான். பூங்காவில் பூங்கா என்று ஒரு போர்டு நட்டார்கள். எருமைகள் அதில் முதுகு சொறிந்துகொண்டன. ஒரு தலைவர் பெயரில் நகர் என்று எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் வைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் மட்டும் வழக்கம்போல, "கம்போஸ்டெல்லாம் எறங்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு அம்மாதான் வெற்றிலை மடித்துக் கொடுப்பாள். லீவு நாளெல்லாம் அது ஒரு வழக்கம். நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து நீட்டுவாள். ஏலத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வெத்தல குடுக்கதுக்குத்தான் உங்களுக்கு ஆளு இருக்கே. அங்கன போய் வாங்கிக்கிடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே வளவு, அதே வீடு. காலண்டர் ஜன்னல் கம்பியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரி வந்து எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் என்று அப்பா யாரை அழைத்து முன்னால் உட்காரவைத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மரக்கடை அண்ணாச்சியைத்தான். ஆணியடித்து மாலை மாட்ட வழியில்லாத சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம், "இந்தப் பிள்ள நம்ம பிள்ள மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் கேசரியும் காப்பியும் கொடுத்தோம். பிறகு வெற்றிலைத் தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கள் தட்டோடு எழுந்து நின்றார். அப்பா எங்கள் தட்டை எடுத்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"தட்ட இங்க குடுங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஏட்டி, என்னது இது?"

"நீங்க ஒரு தடவ வெத்தல வாங்குனது போதும். எம் பிள்ள காரியத்துல நான் குடுத்து நான் வாங்கிக்கிடுதேன்."

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள். கல்யாணம் இதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அதை விட்டன.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மனிதராயிற்றே, ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியுமா?

"என்ன தங்கச்சி, ஆம்பளைக இருக்கும்போது பொம்பள..."

அம்மா தட்டோடு அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. ரொம்பப் பிரியமாகக் கேட்டாள்.

"கேசரி நல்லா இருந்துச்சா அண்ணாச்சி?"

அண்ணாச்சி மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார். வாயில் இன்னும் கேசரி இருந்தது.